முதல் ரேடியோ வாங்குமுன் மொட்டை மாடிக்கு ஒரு நடை

ஹாம் ரேடியோ, அதாவது பொழுதுபோக்காக வானொலியில் ஒருவரோடொருவர் பேசும் அமெச்சூர் வானொலி, அதற்கான லைசென்ஸ் வந்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வியூ3 என்று தொடங்கும் என் கால் சைனை (வானொலியில் என்னை அடையாளம் காட்டும் பெயரை), கையெழுத்துப் பழகுகிற பையன் மாதிரி ஒரு நோட்டின் கடைசிப் பக்கம் முழுக்க எழுதிக்கொண்டிருந்தேன். விடிந்ததும் "எந்த செட் வாங்கலாம் சார்?" என்று எங்கள் பகுதியில் இருக்கும் மூத்த ஹாம் ஒருவரிடம் போய் நின்றேன். அவர் செட் பெயர் எதையும் சொல்லவில்லை. "தம்பி, உங்க அபார்ட்மென்ட்ல மாடிச் சாவி யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டார்.

அசோசியேஷன் செக்ரட்டரியிடம் இருந்தது. ஆனால் நான் கேட்டதற்கும் அவர் கேட்டதற்கும் என்ன தொடர்பு என்று அன்றைக்கு விளங்கவில்லை. மரியாதைக்குக் காபியைக் குடித்துவிட்டு வந்து, என் இஷ்டத்துக்கு ஒன்றை வாங்கினேன். வாங்கிய செட்டில் ஒரு குறையும் இல்லை. நான் வாங்கிய வரிசைதான் தப்பு. ரேடியோ முதலில், ஆன்டெனா அப்புறம், கேபிள் மீதிக் காசில். புதிதாக லைசென்ஸ் எடுத்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் இதையேதான் செய்கிறார்கள். இந்தக் கட்டுரை அந்த வரிசையைத் தலைகீழாக்குவதற்காக எழுதப்படுகிறது. மேலேயிருந்து கீழே இறங்கி வருவோம்: மாடி, காது, லைசென்ஸ், அதற்குப் பிறகு கடை.

முதல் படி: மாடியை அளந்து பாருங்கள்

ஒரு இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு மேலே போங்கள். அளந்து எழுத வேண்டியது மூன்று: இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு எத்தனை மீட்டர், கைப்பிடிச் சுவருக்கு மேல் எவ்வளவு உயரத்துக்குக் கம்பம் நிறுத்தலாம், அங்கிருந்து உங்கள் மேசைக்குக் கேபிள் இறங்கி வர எத்தனை மீட்டர்.

இந்தியாவில் பகல் நேரத்தில் அதிகம் பேச்சு நடப்பது 7 மெகாஹெர்ட்ஸில், அதாவது 40 மீட்டர் பேண்டில். அதற்கான எளிய ஆன்டெனா டைபோல், அதாவது நடுவில் கேபிளை இணைத்து இரு பக்கமும் நீட்டிக் கட்டும் கம்பி. 143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் கிடைக்கும். 7.1 என்றால் சுமார் 20 மீட்டர், நடுவிலிருந்து இரு பக்கமும் பத்துப் பத்து மீட்டர். 30க்கு 40 அடி மனையில் கட்டிய வீட்டின் மூலைவிட்டம் 50 அடி, அதாவது 15 மீட்டர்தான். நேராகக் கட்டினால் இடம் போதாது. நடுவில் ஒரு கம்பம் நிறுத்தி, கவிழ்த்த 'வி' போல இரு பக்கமும் இறக்கி, மிஞ்சும் நுனிகளைச் சுவரோரமாக மடக்கி விட்டால் போதும். அப்படித்தான் ஊரில் பாதிப் பேர் கட்டியிருக்கிறார்கள். நன்றாகவே வேலை செய்கிறது. அந்த இடமும் இல்லையென்றால் 14 மெகாஹெர்ட்ஸ் டைபோல் 10 மீட்டரில் அடங்கிவிடும்.

கம்பிக்குக் கடல் கடந்து ஆர்டர் போட வேண்டாம். எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் 1.5 எஸ்க்யூஎம்எம் (சதுர மில்லிமீட்டர்) வயரிங் ஒயர், இன்சுலேட்டருக்கு பிவிசி பைப் துண்டு, இழுத்துக் கட்ட நைலான் கயிறு, நடுவில் ஒரு ஜிஐ பைப் அல்லது நல்ல சவுக்குக் கம்பு. கணக்கை விட ஒவ்வொரு பக்கமும் ஒரு சாண் நீளமாக வெட்டி, எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா எவ்வளவு பவரைத் திருப்பி அனுப்புகிறது என்று காட்டும் அளவு) பார்த்துப் பார்த்துக் குறையுங்கள். குறைத்ததை ஒட்ட முடியாது.

வாடகை வீடாகவோ அபார்ட்மென்டாகவோ இருந்தால் இந்தப் படியிலேயே அனுமதியை வாங்கிவிடுங்கள். லைசென்ஸ் நகலோடு போய், "மெல்லிசுக் கம்பி ஒண்ணுதான் சார், டவர் இல்ல" என்று சொன்னால் பாதிக் கவலை போய்விடும். டவர் என்ற சொல்லைக் கேட்டதும் செல்போன் டவர் நினைவுக்கு வந்து பயப்படுகிறார்கள். மின்வாரியக் கம்பி மாடியை ஒட்டிப் போனால், அறுந்தாலும் ஆடினாலும் உங்கள் ஒயர் அதன்மேல் விழ வழியே இல்லாத இடமாகப் பாருங்கள். இந்த ஒன்றில் மட்டும் 'பார்த்துக்கலாம்' கிடையாது.

இரண்டாம் படி: வீட்டு இரைச்சலைக் கேளுங்கள்

பரணில் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ ஒன்று கிடந்தால் இறக்குங்கள். மீடியம் வேவில், நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் வைத்து, ராத்திரி எட்டு மணிக்கு வீடு முழுக்க நடந்து பாருங்கள். ஷார்ட் வேவ் இருந்தால் 7 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வையுங்கள்.

என் வீட்டில் ஹாலில் 'உஸ்ஸ்' என்றது. சமையலறைக்குப் போனதும் 'கர்ர்ர்' என்று கத்தியது. எல்இடி பல்பை அணைத்தேன், பாதி அடங்கியது. படுக்கையறை ஃபேனின் எலக்ட்ரானிக் ரெகுலேட்டரை நிறுத்தினேன், இன்னும் கொஞ்சம். மிச்சம் இருந்தது எதிர்வீட்டு சோலார் இன்வெர்ட்டரா, வேறெதுவுமா என்று இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை. மாடிக்குப் போனதும் அந்த இரைச்சல் கால்வாசியாகக் குறைந்தது.

இதை ஏன் வாங்குமுன் செய்யச் சொல்கிறேன் என்றால், சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். எதிர்முனையின் சிக்னலை உங்கள் தெரு இரைச்சல் முழுங்கிவிட்டால், லட்ச ரூபாய் செட்டும் அந்த இரைச்சலைத்தான் துல்லியமாகக் கேட்கவைக்கும். அனுப்பும் பவரைக் கூட்டினால் அவருக்கு நீங்கள் கேட்பீர்கள், உங்களுக்கு அவர் கேட்கமாட்டார். முதலை என்று நம்மவர்கள் கேலி செய்வது இந்த நிலையத்தைத்தான்: வாய் பெரிது, காது சின்னது.

கூடவே ஒரு வாரம் இணையத்தில் உள்ள கிவி எஸ்டிஆர், வெப் எஸ்டிஆர் ரிசீவர்களைத் திறந்து கேளுங்கள். காசு இல்லை, லைசென்ஸும் தேவையில்லை. காலை ஆறரைக்கு 40 மீட்டரில் யார் பேசுகிறார்கள், மாலையில் 20 மீட்டரில் எந்த நாடு வருகிறது என்று குறித்து வையுங்கள். உங்களுக்குப் பிடித்தது அரட்டையா, தூர தேசமா, மோர்ஸா, கணினி வழி எஃப்டி8ஆ என்பது அந்த ஒரு வாரத்தில் தெரிந்துவிடும்.

மூன்றாம் படி: லைசென்ஸில் எழுதியிருப்பதைப் படியுங்கள்

சிரிக்காதீர்கள், பலர் படிப்பதில்லை. வியூ2 ஜெனரல் கிரேடு, வியூ3 ரெஸ்ட்ரிக்டட் கிரேடு. ரெஸ்ட்ரிக்டட் கிரேடில் அனுமதிக்கும் பவர் ஜெனரலைவிடக் குறைவு. உங்கள் தாளில் எந்த பேண்ட், எத்தனை வாட் என்று இருக்கிறதோ அதுதான் உங்கள் எல்லை. 100 வாட் செட் வாங்கி பவரைக் குறைத்து வைத்துப் பேசலாம், தப்பில்லை. நாளை ஜெனரல் எழுதும்போது உதவும்.

நமக்கு 2 மீட்டர் பேண்ட் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ், 70 சென்டிமீட்டர் பேண்ட் 434 முதல் 438 வரை. கடையில் கிடைக்கும் கையடக்க சீன ஹேண்டிகளோ 136 முதல் 174 வரை எங்கே அழுத்தினாலும் அனுப்பும். அதில் 156.8 என்பது கடலில் ஆபத்து அழைப்புக்கான 16ஆம் சேனல். சும்மா பட்டனை அழுத்திப் பார்க்கிற இடம் அல்ல. வாங்கிய அன்றே மெனுவில் போய் நம் பேண்டுக்கு வெளியே அனுப்ப முடியாதபடி பூட்டிவிடுங்கள். அந்த வசதி இல்லாத செட்டில் சேனல்களை மட்டும் பதிந்து, சேனல் முறையிலேயே வையுங்கள்.

சிங்கப்பூரிலிருந்து வரும் மாமாவிடம் "ஒண்ணு வாங்கிட்டு வாங்க மாமா" என்று சொல்லும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். வயர்லெஸ் கருவியை உள்ளே கொண்டுவரத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். இல்லாவிட்டால் ஏர்போர்ட்டில் சுங்க அதிகாரி முன் மாமாதான் நிற்பார். இணைய அங்காடியில் மலிவாக வருவதிலும் கவனம் வேண்டும். உரிய ஒப்புதல் இல்லாத வாக்கி-டாக்கிகளை விற்றதற்காக 2025இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பல தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. பில் கொடுக்கிற, ஒப்புதல் காகிதம் காட்டுகிற கடைக்காரரிடம் வாங்குங்கள்.

நான்காம் படி: ஹேண்டியா, ஹெச்எஃப்பா?

ஹேண்டி என்றால் கையடக்க விஹெச்எஃப், யுஹெச்எஃப் செட், அதாவது மேலே சொன்ன 2 மீட்டர், 70 சென்டிமீட்டர் பேண்டுகளுக்கானது. ஹெச்எஃப் என்றால் 7, 14 மெகாஹெர்ட்ஸ் போன்ற கீழ் அலைவரிசைகளில் பேசும் செட். பாவ்ஃபெங் யூவி-5ஆர், குவான்ஷெங் யூவி-கே5 போன்றவை மலிவு. யேசு எஃப்டி-60ஆர் மாதிரி விலை கூடியவற்றில் ரிசீவர் தரம் மேல், பக்கத்தில் வலுவான சிக்னல் இருந்தாலும் காது அடைக்காது. எல்லாமே ஏறக்குறைய 5 வாட்தான்.

அந்த 5 வாட் எவ்வளவு தூரம் போகும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். இந்த அலைவரிசையில் தூரத்தை முடிவு செய்வது உயரம். ஆன்டெனா இருக்கும் உயரத்தின் வர்க்கமூலத்தை 4.1ஆல் பெருக்கினால் ரேடியோ அடிவானம் கிலோமீட்டரில் வரும். தரையில் நின்று கையில் பிடித்தால் 5 கிலோமீட்டர். 16 மீட்டர் உயர மாடியில் 16 கிலோமீட்டர். சுற்றியுள்ள சமவெளியைவிட 1,200 மீட்டர் உயரமான மலை உச்சியில் ஒரு ரிப்பீட்டர் (வந்த சிக்னலை வாங்கி உடனே மறுபடி அனுப்பும் நிலையம்) இருந்தால் அதற்கு 140 கிலோமீட்டர். அதனால்தான் ரிப்பீட்டரை மலைமேல் வைக்கிறார்கள். உங்கள் ஊருக்கு எட்டும் ரிப்பீட்டர் இருக்கிறதா, இன்று உயிரோடு இருக்கிறதா என்று உள்ளூர் ஹாம்களிடம் கேட்ட பிறகுதான் ஹேண்டிக்குக் காசு எடுக்க வேண்டும். இருந்தால், அதன் அலைவரிசை, 600 கிலோஹெர்ட்ஸ் ஆஃப்செட் (அது கேட்கும் அலைவரிசைக்கும் அனுப்பும் அலைவரிசைக்கும் உள்ள இடைவெளி), அதைத் திறக்கும் டோன் (உங்கள் குரலோடு சேர்ந்து போகும் மெல்லிய ஒலி) மூன்றையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். டிஜிட்டல் ஹேண்டி வேண்டுமென்றால் அக்கம்பக்கத்தார் என்ன வைத்திருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். டிஎம்ஆர் ஒரு பாஷை, சி4எஃப்எம் ஒரு பாஷை, டி-ஸ்டார் ஒரு பாஷை.

ரிப்பீட்டரே இல்லாத ஊரில் ஹேண்டி வாங்குவது வீண் என்று சொல்லமாட்டேன். சர்வதேச விண்வெளி நிலையம் தலைக்கு மேல் போகும்போது அதன் ரிப்பீட்டர் ஒலி 437.800இல் இறங்கும். மாடியில் நின்று, ஏறி வரும்போது 437.810இல் தொடங்கி மெல்லக் குறைத்துக்கொண்டே வந்தால், பத்து நிமிடத்துக்குள் நாலைந்து நாட்டுக் கால் சைன்கள் காதில் விழலாம். முதன்முதலில் கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

ஆனால் ஒரே ஒரு செட்டுக்குத்தான் காசு, மாடியும் இருக்கிறது என்றால் என் ஓட்டு ஹெச்எஃப்புக்கு. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு ஹாம் குழு அந்தமானில் நிலையம் போட்டிருந்த சமயத்தில்தான் சுனாமி வந்தது. தொலைபேசி அறுந்துபோன போர்ட் பிளேரிலிருந்து செய்திகள் அவர்களுடைய செட் வழியாகப் போயின. சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையில் 1,300 கிலோமீட்டருக்கு மேல் கடல். வானத்தின் அயனி அடுக்கில் பட்டுத் திரும்பும் ஹெச்எஃப் அலைதான் அதைத் தாண்டும். ஹேண்டியின் அடிவானக் கணக்கில் அது வராது.

ஹெச்எஃப் செட்டில் என்ன பார்ப்பது? விளம்பரத் தாளில் நாற்பது வசதி இருக்கும். முதல் செட்டுக்கு எனக்கு முக்கியமாகப் படுபவை: உள்ளேயே ஆன்டெனா டியூனர் (ஆன்டெனாவைச் செட்டோடு பொருந்தவைக்கும் பகுதி) இருக்கிறதா, கணினியோடு ஒரே யுஎஸ்பி கேபிளில் இணைகிறதா, நம் ஊரில் பழுது பார்க்க ஆள் உண்டா. ஐகாம் ஐசி-7300 இதில் முதலிரண்டையும் வைத்திருக்கிறது. 100 வாட், திரையில் பேண்ட் முழுவதும் அலையலையாகத் தெரியும். அதைத்தான் எல்லோரும் சொல்வார்கள், தப்பில்லை, ஆனால் ஒரு புது ஸ்கூட்டர் விலை ஆகும். யேசு எஃப்டி-891 சின்னது, 100 வாட், காரிலும் வைக்கலாம்; டியூனர் தனியாக வாங்க வேண்டும். ஷியேகு ஜி90 20 வாட்தான், ஆனால் டியூனர் உள்ளேயே உண்டு. சரியாக வெட்டிய டைபோல் இருந்தால் 20 வாட்டில் நாகர்கோவிலிலிருந்து சென்னைக்குக் காலையில் தாராளமாகப் பேசலாம். 100 வாட்டை 20 ஆக்கினால் எதிர்முனையில் எஸ் மீட்டர் (சிக்னல் வலுவைக் காட்டும் முள்) ஒரு புள்ளிக்குச் சற்று மேலே இறங்கும், அவ்வளவுதான். இதை நம்ப எனக்கு இரண்டு வருடம் ஆனது.

சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. ஹைதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான், வியூ2ஈஎஸ்ஈ, வடிவமைத்த பிட்எக்ஸ் செட்டுகள். முதல் வடிவத்தில் காயில் சுற்றுவதற்குத் தண்ணீர்க் குழாய் வாஷரைப் பயன்படுத்தினார். அருகிலேயே கிடைக்கும் சாமான்களில் செட் கட்ட முடியும் என்று உலகம் முழுக்க ஆட்களைக் கட்டவைத்த வடிவம் அது. உடனே பேசியாக வேண்டும் என்ற அவசரம் இருந்தால் இது வேண்டாம். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசையிருந்தால் இதைவிட நல்ல முதல் செட் கிடையாது.

ஐந்தாம் படி: கேபிளும் கரன்ட்டும்

கையில் நூறு ரூபாய் இருந்தால் ஐம்பதுக்கு மேல் ரேடியோவுக்குக் கொடுக்காதீர்கள். மீதி எங்கே போகும் என்பதற்கு என் கதையே சாட்சி.

முதல் ஹேண்டியை மாடி ஆன்டெனாவோடு இணைக்க 30 மீட்டர் மெல்லிசு ஆர்ஜி-58 கேபிள் வாங்கினேன். விலை குறைவு, வளைக்க சுலபம். ரிப்பீட்டர் திறக்கவே இல்லை. மூத்தவர் வந்து பார்த்து, "145ல இந்த கேபிள் முப்பது மீட்டருக்கு ஆறு டிபி தின்னும் தம்பி" என்றார். அதாவது கீழே 5 வாட் போட்டால் மேலே போய்ச் சேர்வது ஒன்றேகால் வாட். முக்கால்வாசியைக் கேபிளைச் சூடாக்கச் செலவிட்டிருக்கிறேன். கேட்கும்போதும் அதே கதி. சுண்டுவிரல் பருமனுக்குக் கொஞ்சம் குறைந்த ஆர்ஜி-213 போட்டதும் அதே ஹேண்டி, அதே ஆன்டெனா, ரிப்பீட்டர் திறந்தது. 7 மெகாஹெர்ட்ஸில் இந்த இழப்பு ஒரு டிபி சொச்சம்தான், அதனால் ஹெச்எஃப்புக்கு மட்டுமென்றால் ஆர்ஜி-58 போதும்.

இன்னொன்று, கனெக்டர். பெரும்பாலான சீன ஹேண்டிகளில் ஆன்டெனா திருகும் இடத்தில், செட்டின் நடுவில் ஊசி நீட்டிக்கொண்டிருக்கும். யேசுவில் அதே இடத்தில் ஓட்டை. கடைக்காரரிடம் 'எஸ்எம்ஏ அடாப்டர்' என்று மட்டும் சொன்னால் அவர் கைக்கு வந்ததைக் கொடுப்பார். செட்டையே எடுத்துப்போய்த் திருகிப் பார்த்து வாங்குங்கள். மாடியில் இருக்கும் இணைப்புகளில் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள். கடற்கரை ஊரென்றால் உப்புக்காற்று ஒரே மழைக்காலத்தில் கனெக்டரைப் பச்சையாக்கிவிடும். இடி இடிக்கும் மாலையில் கேபிளைச் செட்டிலிருந்து கழற்றி வெளியே வைப்பது பழக்கமாகட்டும்.

ஹெச்எஃப் செட்டுகள் 13.8 வோல்ட் டிசியில் ஓடும். 100 வாட் செட் பேசும்போது 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், ஆகவே 30 ஆம்பியர் சப்ளை. ஜி90க்கு 10 ஆம்பியர் போதும். கரன்ட் போனால் வீட்டு இன்வெர்ட்டரின் 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டலாம். ஆனால் அந்த நேரம் இன்வெர்ட்டரைப் பேட்டரியிலிருந்து கழற்றிவிடுங்கள், அதன் இரைச்சல் தாங்காது. சிவப்பு பாசிட்டிவ், கறுப்பு நெகட்டிவ் என்று நிறத்தை நம்பாமல் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்துச் செருகுங்கள். நான் ஒருமுறை நானே முறுக்கிய ஒயரை நம்பி மாற்றிச் செருகினேன். 'டப்' என்று ஒரு சத்தம். ஃபியூஸ் போனதோடு தப்பித்தேன்.

ஆறாம் படி: பழைய செட் வாங்குவதானால்

நல்ல வழிதான், அதிலும் சங்கத்தில் முகம் தெரிந்தவரிடம் என்றால். அவர் வீட்டுக்கே போய், ஓடும் நிலையில் பாருங்கள். டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதிலாகப் பவரை வாங்கிக்கொள்ளும் மின்தடையில்) இணைத்து ஒவ்வொரு பேண்டிலும் பவர் வருகிறதா என்று பவர் மீட்டரில் பாருங்கள். ஒரு பேண்டில் மட்டும் குறைந்தால் உள்ளே ரிலேயோ ஃபில்டரோ அடிபட்டிருக்கும். டியூனிங் குமிழை மெதுவாகச் சுற்றினால் எண் தாவாமல் போக வேண்டும். மூடியின் காற்றுத் துளையில் மூக்கை வைத்து முகருங்கள், கருகல் வாடை வருடக்கணக்கில் போகாது. ஸ்க்ரூ தலைகள் தேய்ந்திருந்தால் யாரோ அடிக்கடி திறந்திருக்கிறார்கள். யார், எதற்கு என்று கேளுங்கள். விற்பவருக்கும் லைசென்ஸ் இருக்க வேண்டும். இருவர் கால் சைனும் செட்டின் சீரியல் நம்பரும் எழுதிக் கையெழுத்திட்ட கடிதம், பழைய பில்லின் நகல் இரண்டும் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். "அதெல்லாம் எதுக்கு தம்பி, நம்ம ஆளுங்கதானே" என்பவரிடம் காபி குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம்.

ஏழாம் படி: முதல் மாலை

செட் வந்துவிட்டது. முதல் ஒரு மணி நேரம் பிடிடி பட்டனை (பேசும்போது அழுத்துவதை) வைத்துப் பேசாதீர்கள், கேளுங்கள். எஸ்டபிள்யூஆர் 2க்குக் கீழே இருக்கிறதா என்று குறைந்த பவரில் ஒருமுறை பாருங்கள். பிறகு ஒரு பேச்சு ஓய்கிற இடைவெளியில் கால் சைனை மட்டும் ஒருமுறை, தெளிவாக, அவசரப்படாமல் சொல்லிவிட்டு விரலை எடுங்கள். குரல் நடுங்கும். எதிரில் இருப்பவருக்கு அது நன்றாகவே தெரியும், அவரும் ஒருநாள் அப்படித்தான் நடுங்கினார். முதல் தொடர்பு என்று சொல்லிவிடுங்கள், காத்திருக்கிறவர்கள்கூட வழிவிடுவார்கள்.

முடிந்ததும் லாக் புத்தகம். தேதி, அலைவரிசை, அவருடைய கால் சைன், கொடுத்த ரிப்போர்ட், வாங்கிய ரிப்போர்ட் (சிக்னல் எப்படிக் கேட்டது என்ற மதிப்பெண்). நேரத்தை யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) எழுத வேண்டும், நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணியைக் குறைத்து. இரவு 8:40 என்றால் 15:10. என் லாக்கின் முதல் வரியில் 20:40 என்று எழுதி, அடித்து, பக்கத்தில் 15:10 என்று திருத்தியிருக்கிறேன்.